கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் எகனாமிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் ஹோசே பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜின் டியூட்டரிங் சென்டரில் எகனாமிக்ஸ் மாணவர்களுக்குப் பாடத்தில் உதவி செய்கிறேன். மாணவர்கள் அங்கே கேட்பதையே அவர்களின் பெற்றோர் வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில் வேறு விதமாகக் கேட்கிறார்கள். ஊரிலிருந்தும் போன் வருகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். சட்டமும் கட்டணமும் கலிஃபோர்னியாவுக்கு உரியவை. மற்ற மாநிலங்களில் இவை வேறு மாதிரி இருக்கும்.

கம்யூனிட்டி காலேஜ்னா நம்ம ஊரு பாலிடெக்னிக் மாதிரியா?

பாதி ஆமாம். நர்சிங், ஆட்டோ மெக்கானிக், சமையல் என்று தொழிற்படிப்புகளும் இங்கே உண்டு. ஆனால் எகனாமிக்ஸ் எடுப்பவர்கள் அநேகமாக டிரான்ஸ்ஃபர் வழியில் போகிறவர்கள். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடங்களை இங்கே முடித்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் அங்கே போய்ச் சேர்வார்கள். கடைசியில் கைக்கு வருவது அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்.

மாநிலத்தில் மொத்தம் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. ஹைஸ்கூல் முடித்த எவரும், முடிக்காவிட்டாலும் 18 வயது ஆனவர்களும் சேரலாம். கட்-ஆஃப் கிடையாது. 1960-இல் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி), கம்யூனிட்டி காலேஜ் என்று மூன்று அடுக்கு வைத்து, கீழ் அடுக்கிலிருந்து மேலே ஏற வழியும் வைத்தார்கள். அந்த வழிக்குத்தான் டிரான்ஸ்ஃபர் என்று பெயர்.

பையனுக்கு நேரா யூசி கிடைக்கல. இதுல சேர்த்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?

இந்தக் கேள்வி குரலைத் தாழ்த்தித்தான் வரும். பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான் என்பதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். தோற்றுப்போய் இங்கே வந்தோம் என்ற நினைப்போடு சேரும் பிள்ளைகள் முதல் செமஸ்டரை வீணடிப்பதைப் பார்த்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபருக்குப் பார்க்கப்போகும் மதிப்பெண்ணில் அந்த முதல் செமஸ்டரும் சேரும்.

யூசி வளாகங்கள் டிரான்ஸ்ஃபர் இடங்களை நிரப்பும்போது கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத்தான் முதல் உரிமை கொடுக்கின்றன. வேறொரு நான்கு வருடக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த முன்னுரிமை இல்லை. நாலு பேர் நினைப்பதைவிட இது பெரிய விஷயம்.

மொத்தமா எவ்ளோ ஆகும்?

பாடத்தின் அளவை யூனிட் கணக்கில் சொல்வார்கள். மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். 2012-இலிருந்து இதே கட்டணம்தான். டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு 2,760 டாலர் வரும். செமஸ்டருக்குப் பதிலாகக் குறுகிய பருவங்கள் வைக்கும் டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் யூனிட்டுக்கு 31 டாலர், 90 யூனிட் வேண்டும். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே தொகை. யூசியில் டியூஷனும் மாணவர் சேவைக் கட்டணமும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல். இது தவிர சுகாதாரக் கட்டணம், பார்க்கிங், புத்தகம் என்று இருக்கும்.

பெயர் ஒன்றுபோல இருக்கும் இரண்டு சலுகைகளை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்பது குடும்ப வருமானத்தைப் பார்த்து யூனிட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது. ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் கேட்கலாம். வெறும் ‘பிராமிஸ்’ திட்டம் என்று கல்லூரிகள் சொல்வது, முதல்முறை கல்லூரிக்கு வந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு இரண்டு வருடம் கட்டணமில்லை என்பது. ஒன்று இல்லை என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள்.

ஒரு விஷயத்தை முதல் வார வகுப்பிலேயே கேட்பீர்கள்: ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட், அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிடும் அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு. மணிக்கு 20 டாலர் வேலையில் வாரம் 15 மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு படிக்க வந்தால், வாரம் 300 டாலர் கைவிட்டுப் போகிறது. 16 வாரத்துக்கு 4,800 டாலர். 15 யூனிட்டுக்குக் கல்லூரிக்குக் கட்டுவது 690 டாலர்தான். படிப்பின் உண்மையான விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். இதனால்தான் பாடம் தேர்வதில் ஒரு செமஸ்டர் வீணானால் 690 டாலர்தானே என்று விட முடியாது.

எகனாமிக்ஸ்னு சேர்ந்தா என்னென்ன பாடம் எடுக்கணும்?

எகனாமிக்ஸ் பாடம் என்று பார்த்தால் முக்கியமாக இரண்டுதான்: மைக்ரோ, மேக்ரோ. அவற்றோடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கால்குலஸ். கல்லூரியைப் பொறுத்து அக்கவுண்டிங் போல இன்னும் ஒன்றிரண்டு. மீதி எல்லாம் ஆங்கிலம், அறிவியல், வரலாறு என்று பொதுப்பாடங்கள். இந்தப் பொதுப்பாடத் தொகுப்புக்கு 2025 இலையுதிர் பருவத்திலிருந்து கால்-கெட்சி என்று ஒரே பட்டியல். முன்பு யூசிக்கு ஒன்று, கால் ஸ்டேட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தது. பழைய மாணவர்கள் சொல்லும் ஐகெட்சி என்ற பெயரை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

மைக்ரோ முதல்லயா, மேக்ரோ முதல்லயா?

பல கல்லூரிகளில் எதை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம். நான் மைக்ரோவைச் சொல்வேன். ஒரு வாங்குபவர், ஒரு கடை, ஒரு சந்தை என்று சின்னதாகத் தொடங்கி, கோடு வரையப் பழகிவிட்டால் மேக்ரோவில் நாடு முழுவதற்கும் அதே கோடுகள் வரும்போது பயம் இருக்காது.

பாடத்தின் எண்ணை நம்பிப் பதிவு செய்யாதீர்கள், பெயரைப் படியுங்கள். டி ஆன்சாவில் எகனாமிக்ஸ் 1 என்றால் மேக்ரோவாக இருந்தது. யூசிஎல்ஏவில் எகனாமிக்ஸ் 1 என்றால் மைக்ரோ. எல்லாக் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் ஒரே எண் கொடுக்கும் வேலை சட்டப்படி நடந்துவருகிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முதலிய சில பாடங்களுக்கு 2025-இலேயே வந்துவிட்டது. அதனால் போன வருடம் படித்த அக்கா சொன்ன எண் இந்த வருட அட்டவணையில் இல்லாமலும் போகலாம்.

எனக்குக் கணக்கு வராதுன்னுதான் எகனாமிக்ஸ் எடுத்தேன். ரொம்பக் கணக்கு இருக்குமா அக்கா?

இருக்கும், தம்பி. மைக்ரோ, மேக்ரோ வகுப்புகளில் பள்ளி அல்ஜீப்ராவும் வரைபடமும் போதும். ஒரு கோட்டின் சாய்வைக் கண்டுபிடிக்கத் தெரியணும், இரண்டு சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியணும், சதவீத மாற்றம் போடத் தெரியணும். அது வரை சரி. டிரான்ஸ்ஃபர் ஆன பிறகு வரும் இடைநிலை மைக்ரோவில்தான் கால்குலஸ் நிஜமாக வேலைக்கு வரும். இருக்கிற பணத்துக்குள் அதிகத் திருப்தி எப்படி என்ற கேள்விக்கே டெரிவேட்டிவ் இல்லாமல் பதில் எழுத முடியாது.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கணக்கை முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள். பயந்து கடைசிக்குத் தள்ளியவர்களுக்கு, விண்ணப்பிக்கும் நேரத்தில் கால்குலஸ் இரண்டாம் பாடம் பாக்கி நிற்கும். அதனாலேயே ஒரு வருடம் கூடுதலாகிறது. இப்போதைய சட்டப்படி (அசெம்பிளி பில் 1705, 2022) பழைய அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் உங்களை உட்காரவைக்க மாட்டார்கள். டிரான்ஸ்ஃபர் மட்டத்திலேயே சேர்த்து, கூடவே ஒரு துணை வகுப்பு தருவார்கள். அந்தத் துணை வகுப்பை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

பிசினஸ் கால்குலஸா, சாதா கால்குலஸா என்று அடுத்து கேட்பீர்கள். கால் ஸ்டேட்டுக்குப் பெரும்பாலும் பிசினஸ் கால்குலஸ் போதும். யூசி வளாகங்கள் பலவும் கால்குலஸில் இரண்டு பாடம் எதிர்பார்க்கின்றன. எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் சாதா கால்குலஸ்தான் எந்தக் கதவையும் மூடாது.

மைக்ரோல எல்லாரும் எங்க தப்பு விடுறாங்க?

முதல் மிட்டெர்முக்கு முந்தின வாரம் டியூட்டரிங் சென்டர் நிரம்பி வழியும். டிமாண்ட் கோடு எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும், சப்ளை கோடு எவ்வளவு விற்பார்கள் என்று காட்டும். பாதிப் பேர் கொண்டுவருவது ஒரே சந்தேகம்: கோடு நகர்வதா, கோட்டின் மேல் நாம் நகர்வதா?

முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பறவைக் காய்ச்சலில் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகள் அழிந்து, 2025 மார்ச்சில் டஜன் முட்டையின் அமெரிக்கச் சராசரி விலை 6.23 டாலருக்குப் போனது. மாணவர் பேனாவை எடுத்ததும் விலை ஏறிவிட்டது, அப்படியானால் டிமாண்ட் ஏறிவிட்டது என்று டிமாண்ட் கோட்டை வலது பக்கம் தள்ளி வரைவார். தப்பு. கோழி செத்ததால் நகர்ந்தது சப்ளை கோடு, அதுவும் இடது பக்கம். டிமாண்ட் கோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்தக் கோட்டின் மேலேயே நாம் ஏறிப் போகிறோம். விலை கூடியதால் வாங்கும் எண்ணிக்கை குறைகிறது. கேக் செய்கிறவர்கள் எல்லாரும் திடீரென்று இரண்டு மடங்கு முட்டை கேட்க ஆரம்பித்தால், அப்போதுதான் டிமாண்ட் கோடு நகரும்.

வரைவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: முதலில் மாறியது அந்தப் பொருளின் விலையா, வேறு ஏதாவதா? வேறு ஏதாவது என்றால் ஒரு கோடு நகரும். அது வாங்குபவரைத் தொடுகிறதா, விற்பவரைத் தொடுகிறதா என்று பார்த்தால் எந்தக் கோடு என்பதும் தெரிந்துவிடும். இதை விரல் நுனியில் வைத்திருப்பவர்களுக்கு வரி, மானியம், விலை உச்சவரம்பு என்று பின்னால் வருவதெல்லாம் சுலபம்.

மேக்ரோ வெறும் மனப்பாடம்தானே?

மனப்பாடம் செய்து வருகிறவர்கள் தடுக்கி விழும் பாடமே அதுதான். வேலையின்மை விகிதத்தைப் பாருங்கள். ஒரு ஊரில் 100 பெரியவர்கள். 60 பேர் வேலையில் இருக்கிறார்கள், 5 பேர் வேலை தேடுகிறார்கள், 35 பேர் படிக்கிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள், ஓய்வு பெற்றுவிட்டார்கள். விகிதம் எவ்வளவு? ஐந்து சதவீதம் என்று உடனே கை தூக்குவார்கள். தேடாதவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். 65 பேரில் 5 பேர், அதாவது 7.7 சதவீதம்.

இப்போது அந்த ஐவரில் இருவர் அலுத்துப்போய்த் தேடுவதையே விட்டுவிட்டார்கள். 63 பேரில் 3 பேர், 4.8 சதவீதம். ஒருவருக்குக்கூட வேலை கிடைக்கவில்லை, விகிதம் மட்டும் இறங்கிவிட்டது! வரையறையை மனப்பாடம் செய்தவருக்கு இந்த இடம் கண்ணில் படாது. போட்டுப் பார்த்தவருக்கு, அடுத்த மாதம் செய்தியில் வேலையின்மை குறைந்தது என்று வரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஃப்ரெட் தளத்தில் இந்தத் தொடர் முழுவதும் இலவசம். வீட்டுப்பாடம் பலவும் அங்கேதான் அனுப்பும். முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

வகுப்புல சொல்றது ஒண்ணு, வெளில நடக்குறது ஒண்ணு. குறைந்தபட்சக் கூலி ஏறினா வேலை போகும்னு கோடு சொல்லுது, நிஜமா அப்படித்தானா?

2024 ஏப்ரல் 1 முதல் கலிஃபோர்னியாவில் பெரிய ஃபாஸ்ட் ஃபுட் தொடர்களில் மணிக்கு 20 டாலர் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. என்னிடம் வரும் மாணவர்களில் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பரீட்சைக் கேள்வி மட்டும் இல்லை.

கோடு சொல்வது ஒரு முடிவு. ஆனால் அந்தக் கோட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: சந்தையில் எந்த முதலாளியாலும் கூலியைத் தன்னிஷ்டத்துக்கு வைக்க முடியாது என்பது. 1992-இல் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை 4.25-இலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்கேயும் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளை ஒப்பிட்டார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. வேறு தரவை வைத்து மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓடுகிறது. பெர்க்லியில் பேராசிரியராக இருந்தபோது கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. பரீட்சையில் கோடு சொல்வதை எழுதுங்கள். அதன் நிபந்தனையையும் ஒரு வரி எழுதுங்கள். நல்ல ஆசிரியர் அந்த ஒரு வரியைத்தான் தேடுவார்.

புத்தகம் கட்டாயம் வாங்கணுமா?

பதிவு செய்வதற்கு முன்பே பாருங்கள். புத்தகச் செலவில்லாத வகுப்புகளுக்கு அட்டவணையில் தனிக் குறியீடு போட வேண்டும் என்பது சட்டம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட எகனாமிக்ஸ் பாடநூல் இணையத்தில் இலவசம். பல ஆசிரியர்கள் அதையே வைக்கிறார்கள். வேறு புத்தகம் வைத்திருந்தாலும் விளங்காத பாடத்துக்கு அதில் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். வீட்டுப்பாடத்துக்கான ஆன்லைன் நுழைவுக் குறியீடு (ஆக்சஸ் கோட்) கேட்கும் வகுப்பு என்றால் பழைய புத்தகம் வாங்கி மிச்சம் பிடிக்க முடியாது. அதையும் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வேலைக்குப் போயிட்டே படிக்க முடியுமா? எனக்கு 41 வயசு, ரெண்டு பிள்ளைங்க வேற.

முடியும். இரவு வகுப்பிலும் ஆன்லைன் வகுப்பிலும் உங்கள் வயதுக்காரர்கள் நிறையப் பேர். ஒரு செமஸ்டர் யூனிட் என்பது வகுப்பும் வீட்டுப் படிப்புமாகக் குறைந்தது 48 மணி நேர உழைப்பு என்று விதியே இருக்கிறது. மூன்று யூனிட் பாடத்துக்கு 144 மணி, அதாவது வாரம் ஒன்பது மணி நேரம். இந்த ஒன்பது மணி உங்கள் வாரத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்ட முடிந்தால் அந்தப் பாடத்தை எடுங்கள்.

முதல் பருவத்தில் ஒரு கணக்குப் பாடம், ஒரு எகனாமிக்ஸ் பாடம் போதும். குவார்ட்டர் முறைக் கல்லூரி என்றால் இன்னும் கவனம் வேண்டும். மொத்தமே பன்னிரண்டு வாரம்தான், ஒரு வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாடம் எங்கோ போயிருக்கும். செமஸ்டர் முறைக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு அதுதான் வசதி.

ரெண்டு வருஷ டிகிரியை மட்டும் வச்சு எகனாமிக்ஸ்ல வேலை கிடைக்குமா?

எகனாமிஸ்ட் வேலை கிடைக்காது. அந்தப் பெயரில் வரும் வேலைகளுக்கு வழக்கமாக முதுகலையாவது கேட்பார்கள். இரண்டு வருடப் பட்டத்தோடு வங்கிக் கிளை, அலுவலகக் கணக்கு, வாடிக்கையாளர் சேவை என்று போகலாம். எகனாமிக்ஸின் பலன் நாலு வருடம் முடிந்த பிறகு தெரியும். உடனே வேலை வேண்டும் என்ற நிலை இருந்தால் இதே கல்லூரியில் அக்கவுண்டிங் சான்றிதழைப் பாருங்கள். அதில் படித்தது வீண் போகாது.

ஏடிடி, டேக் ரெண்டும் ஒண்ணா? பாடம் தேர ஆலோசனை சொல்ற காலேஜ் கவுன்சிலர் வேகமா சொல்லிட்டு போயிட்டாங்க.

இல்லை. ஏடிடி என்பது டிரான்ஸ்ஃபருக்காகவே வடிவமைத்த இரண்டு வருடப் பட்டம். 2010-இல் வந்த சட்டம் இது. அதை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில், ஒத்த பாடப்பிரிவில், மூன்றாம் வருட இடம் உறுதி. ‘ஏதாவது ஒரு’ என்பதை அடிக்கோடிடுங்கள். சான் ஹோசே ஸ்டேட்டே வேண்டும் என்றால் அந்த உறுதி போதாது, மதிப்பெண்ணும் வேண்டும்.

டேக் என்பது யூசியின் ஒப்பந்தம். டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சான்ட்டா பார்பரா, சான்ட்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வளாகம் கேட்கும் பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டினால் இடம் உறுதி. அதன் பிறகு அக்டோபர், நவம்பரில் வழக்கமான யூசி விண்ணப்பத்தையும் போட வேண்டும். டேக் போட்டாச்சே என்று இதை விட்டுவிட்டால் எல்லாமே போச்சு.

பெர்க்லி, யூசிஎல்ஏ போகணும். அதுக்கு என்ன வழி?

பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றுக்கும் டேக் கிடையாது. கலிஃபோர்னியா மாணவருக்கு யூசி டிரான்ஸ்ஃபருக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.4 என்று எழுதியிருக்கும். அது விண்ணப்பம் போடும் தகுதி மட்டும். இந்த வளாகங்களுக்கு அதைவிட வெகு தூரம் மேலே வேண்டும்.

அசிஸ்ட் என்ற இணையதளத்தில் உங்கள் கல்லூரி, போக நினைக்கும் வளாகம், எகனாமிக்ஸ் மூன்றையும் கொடுத்தால், எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று பக்கம் வரும். மூன்று வளாகத்துக்கும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேட்கும் பாடங்கள் ஒன்றுபோல இருக்காது. மூன்றையும் நிறைவு செய்யும் பட்டியலை எழுதிக்கொண்டு அதன் பிறகு கவுன்சிலரைப் பாருங்கள். வெறும் கையோடு போய் என்ன எடுக்கட்டும் என்று கேட்டால் அரை மணி நேரத்தில் பொதுவான பதில்தான் வரும். யூசிஎல்ஏவை நினைப்பவர்கள், தங்கள் கல்லூரியில் டாப் என்ற ஹானர்ஸ் திட்டம் இருக்கிறதா என்று முதல் பருவத்திலேயே கேளுங்கள். அதில் வருபவர்களின் விண்ணப்பத்துக்கு யூசிஎல்ஏ முன்னுரிமை தருகிறது.

பொண்ணு ஹைஸ்கூல்ல ஏபி எகனாமிக்ஸ் எழுதிட்டா. மறுபடி அதையே எடுக்கணுமா?

ஏபி என்பது ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி மட்டத் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால் யூசி யூனிட் கொடுக்கும். ஆனால் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, வேண்டிய பாடமாக ஏற்பதற்கு 4, 5 கேட்கும் இடங்கள் உண்டு. அசிஸ்டோடு அந்த வளாகத்தின் ஏபி பட்டியலையும் பாருங்கள். 5 இருந்தால் அந்த இடத்தைக் கால்குலஸுக்குக் கொடுக்கலாம். 3 என்றால் மறுபடி எடுத்து நல்ல கிரேடு வாங்குவது மேல், யூனிட் மட்டும் இரண்டு தடவை சேராது.

பொண்ணு இன்னும் ஹைஸ்கூலில்தான் என்றால், இப்போதே கம்யூனிட்டி காலேஜில் பகுதிநேரமாக ஒரு பாடம் எடுக்கலாம். ஒரு பருவத்துக்கு 11 யூனிட் வரை யூனிட் கட்டணத்தைப் பல கல்லூரிகள் வாங்குவதில்லை. அங்கே வாங்கும் கிரேடு நிரந்தரம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

கோயம்புத்தூர்ல பிளஸ் டூ காமர்ஸ் முடிச்சிருக்கேன். எஃப்-1 விசால நேரா கம்யூனிட்டி காலேஜ் வரலாமா?

வரலாம். ஆனால் மேலே சொன்ன 46 டாலர் உங்களுக்கு இல்லை. வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகளில் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல். டிரான்ஸ்ஃபர் ஆன பிறகு யூசியில் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் வருடத்துக்கு 30,000 டாலருக்கும் மேல். முதல் இரண்டு வருடத்துக்கு மட்டும் வீட்டில் கணக்குப் போட்டுவிட்டு வராதீர்கள். நான்கு வருடத்துக்கும் போடுங்கள். ஒவ்வொரு பருவமும் 12 யூனிட் எடுத்தாக வேண்டும். அதில் ஆன்லைன் பாடம் ஒன்றுதான் கணக்கில் சேரும்.

பட்டத்துக்குப் பிறகு வேலை பார்க்க எல்லோருக்கும் ஓபிடி என்ற அனுமதி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்று வகைப்படுத்திய பட்டத்துக்கு இன்னும் 24 மாதம். பொதுவான எகனாமிக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. எகனாமெட்ரிக்ஸ் அண்ட் குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் என்ற வகை இருக்கிறது, அதன் எண் 45.0603. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் எகனாமிக்ஸ் பட்டத்தை இந்த எண்ணில் பதிவு செய்திருக்கின்றன, சில செய்யவில்லை. விண்ணப்பிக்கும் முன்பே அந்தந்தத் துறையிடம் எண்ணைக் கேளுங்கள். அந்தப் பிரிவில் கணக்கு கூடுதலாக இருக்கும், காமர்ஸ் பிரிவில் மேத்ஸ் எடுக்காமல் வருகிறவர்கள் அதற்கும் தயாராக வேண்டும்.

நாங்க ஹெச்-1பி, பொண்ணு ஹெச்-4. அவளுக்கு எந்தக் கட்டணம்?

எஃப்-1 மாணவர் விசா போல இல்லாமல், ஹெச்-4-இல், அதாவது ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில், இருப்பவர்கள் கலிஃபோர்னியாவாசி என்று நிலைநாட்ட முடியும். பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேலாக நீங்கள் இங்கே வசித்ததற்கும், இங்கேயே இருக்கும் நோக்கத்துக்கும் ஆவணம் வேண்டும். சேர்க்கை அலுவலகத்தில் முன்னால் இருப்பவருக்கு இது சில நேரம் தெரியாது. ரெசிடென்சி, அதாவது மாநிலவாசித் தகுதி, பார்க்கும் அலுவலரையே கேளுங்கள். அமெரிக்க மத்திய அரசின் ஃபாஃப்சா கல்வி நிதி உதவி ஹெச்-4-க்குக் கிடையாது.

மனதுக்குக் கஷ்டமான பகுதி ஒன்று இருக்கிறது. 21 வயதில் ஹெச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் நம் குடும்பங்களில் பல பிள்ளைகள் டிரான்ஸ்ஃபர் ஆன கையோடு எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கிறது. இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு மேலே சொன்ன வெளிநாட்டு மாணவர் கட்டணம் வந்து நிற்கலாம். 18 வயதிலேயே நாள்காட்டியை வைத்துக்கொண்டு குடியேற்ற வழக்கறிஞரிடமும், போக நினைக்கும் வளாகத்தின் ரெசிடென்சி அலுவலகத்திடமும் பேசுங்கள். ஹைஸ்கூலிலேயே எடுக்கும் பாடங்கள் ஒரு பருவத்தை மிச்சப்படுத்தினால், இந்தக் குடும்பங்களுக்கு அதன் மதிப்பு பல ஆயிரம் டாலர்.

மேக்ரோல சி வந்துடுச்சு. மறுபடி எடுத்து ஏ ஆக்கலாமா?

முடியாது. கம்யூனிட்டி காலேஜில் டி, எஃப் வாங்கிய பாடத்தைத்தான் கிரேடுக்காகத் திரும்ப எடுக்கலாம். சி என்றால் தேறிய கணக்கு, அப்படியே நிற்கும். பக்கத்து ஊர்க் கல்லூரியில் எடுத்தால் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படித்த எல்லாக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலும் (டிரான்ஸ்கிரிப்ட்) யூசிக்குப் போக வேண்டும், யூசி அந்த இரண்டாம் கிரேடைச் சேர்க்காது.

இன்னும் பருவம் முடியவில்லை, சி வரும்போல இருக்கிறது என்றால் வழி உண்டு. கல்லூரி அட்டவணையில் இரண்டு கடைசித் தேதிகள் இருக்கும். முதல் தேதிக்குள் விலகினால் சுவடே இருக்காது. இரண்டாவது தேதிக்குள் விலகினால் டபிள்யூ என்று பதியும், ஜிபிஏவில் சேராது. ஒரே ஒரு டபிள்யூவால் யாருக்கும் இடம் போய்விடாது. ஆனால் டபிள்யூவும் ஒரு முயற்சியாகவே எண்ணப்படும், ஒரு பாடத்துக்கு மொத்தம் மூன்று முயற்சிதான். முழுநேரமாக இருக்க வேண்டியவர்கள், அதாவது எஃப்-1 மாணவர்களும் பிராமிஸ் திட்டத்தில் இருப்பவர்களும், 12 யூனிட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலக வேண்டும். எஃப்-1 என்றால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.